சிலம்பை உடைத்துப் பார்க்கும் வகுப்பு

கேரளத்தில் ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது மழையும் கூடவே வந்துவிடும். குமுளியில் அந்த முதல் வாரத்தில் ஓட்டுக்கூரை மேல் விழும் மழைச் சத்தத்தை மீறிக் கத்தித்தான் பாடம் நடத்த வேண்டும். கம்பத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற பிறகு, மலைக்கு மேலே தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் நண்பர் அழைத்ததால் சில ஆண்டுகள் போய் வந்தேன். அப்படி ஒரு ஜூன் மாதம் ஒன்பதாம் வகுப்பில் கேட்டேன்: "இந்த வருசம் மங்கலதேவி மலைக்கு யார் யார் போனீங்க?" பாதிக் கைகள் உயர்ந்தன. "அங்க என்ன இருக்கு?" "கண்ணகி கோயில் சார்." "அது கண்ணகி கோயில்னு எப்படித் தெரியும்?" கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் சொன்னான்: "பாட்டுல இருக்கு சார்."

இந்தக் கட்டுரை அந்தப் பதிலைப் பற்றியது. பாட்டில் இருப்பது வரலாறா? வரலாற்று வகுப்பில் பாட்டுக்கு என்ன வேலை? நம் பள்ளிகளில் இப்போது அதற்கு இரண்டு வேலைகள்தான் தரப்படுகின்றன. ஒன்று அலங்காரம்: பாடத்தின் தலைப்பில் இரண்டு வரி, ஆண்டு விழாவில் ஒரு நாடகம். மற்றது அத்தாட்சி: "புறநானூறே சொல்கிறது, பிறகென்ன?" என்று விவாதத்தை முடித்து வைக்கும் முத்திரை. இரண்டுமே கவிதைக்கும் செய்யும் அநியாயம், வரலாற்றுக்கும் செய்யும் அநியாயம் என்பது என் கருத்து. கவிதையைச் சாட்சியாகக் கூப்பிடலாம், கூப்பிடத்தான் வேண்டும். ஆனால் கூப்பிட்டால் குறுக்கு விசாரணையும் செய்ய வேண்டும்.

அதற்கான முறையைச் சிலப்பதிகாரமே சொல்லித் தருகிறது. பாண்டியன் அவையில் கண்ணகி அழுது மட்டும் நீதி கேட்கவில்லை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். அரசியின் சிலம்பில் உள்ளது முத்து என்று மன்னனே சொல்லிவிடுகிறான். பிறகு சிலம்பு உடைகிறது, மாணிக்கம் தெறிக்கிறது, வழக்கு முடிகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு சிலம்பும் ஒன்றுதான், உள்ளே இருப்பதுதான் வேறு. வரலாற்று ஆசிரியனுக்கு இதைவிட நல்ல முதல் பாடம் எங்கே கிடைக்கும்? அன்று முதல் எங்கள் வகுப்பில், ஒரு பாட்டை எடுத்து அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்பதற்குப் "பரலைப் பார்ப்பது" என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

குமுளியைவிட இதற்குப் பொருத்தமான ஊர் குறைவு. மதுரையை எரித்த கண்ணகி வைகைக் கரையோடு மேற்கே நடந்து, மலையேறி, ஒரு வேங்கை மரத்தடியில் நின்று, பதினான்காம் நாள் கோவலனோடு விண்ணேறினாள் என்பது காப்பியத்தின் கதை. அந்தக் குன்று எது என்று தேடிய சி. கோவிந்தராசனார், காப்பியம் சொல்லும் வழியிலேயே நடந்து வந்து, 1963-இல் மங்கலதேவி மலையிலிருந்த இடிந்த கற்கோயிலை அடையாளம் காட்டினார். இன்று அது பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. ஆண்டில் சித்ரா பௌர்ணமி ஒரு நாள்தான் அனுமதி. குமுளியிலிருந்து ஜீப்பிலும், தமிழ்நாட்டுப் பக்கம் பளியன்குடியிலிருந்து கால்நடையாகவும் மக்கள் ஏறுகிறார்கள். இடுக்கி, தேனி இரண்டு மாவட்ட நிர்வாகங்களும் சேர்ந்து ஏற்பாடு செய்கின்றன. கோயில் யாருக்கு என்பதில் இரண்டு மாநிலங்களுக்கும் வழக்கு உண்டு. ஒரு கவிதைக்காக எல்லைக்கோட்டைப் பிடித்து இழுக்கும் இடத்தில், கவிதையை எப்படிப் படிப்பது என்பது வெறும் பள்ளிக்கூட விஷயமாக நின்றுவிடாது.

வஞ்சிக் காண்டத்தின் தொடக்கப் பகுதியில் காட்சிக் காதை வருகிறது. சேரன் செங்குட்டுவன் அரசி வேண்மாளோடு மலைவளம் காணப் புறப்பட்டுப் பேரியாற்றின் மணல் கரையில் தங்குகிறான். மலையிலிருந்து குன்றவர் இறங்கி வந்து காணிக்கை வைக்கிறார்கள். அந்தப் பட்டியல் நீளமானது, முப்பதுக்கு மேற்பட்ட பொருள்கள். யானைத் தந்தம், அகில், கவரி, தேன் குடம், சந்தனக் கட்டை, சிந்தூரம், அஞ்சனம், அரிதாரம், ஏலம், மிளகு, கூவைக்கிழங்கு மாவு, தேங்காய், மாம்பழம், பலாப்பழம், கரும்பு, பாக்குக் குலை, வாழைத்தார். பிறகு உயிருள்ளவை: சிங்கக் குருளை, புலிக்குட்டி, யானைக்கன்று, குரங்குக் குட்டி, கரடி, வரையாடு, மான்மறி, கத்தூரி மான் குட்டி, கீரி, மயில், காட்டுக்கோழி, கிளி.

இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, "இதுல எதெல்லாம் இன்னைக்குக் குமுளி கடைத்தெருவுல கிடைக்கும்?" என்று கேட்டேன். வகுப்பு முழுதும் எழுந்து நின்றது. ஏலம், மிளகு, தேன் மூன்றும் தேக்கடிச் சாலையில் கடைக்குக் கடை உண்டு. ஏலத்துக்கு அருகிலேயே புற்றடியில் ஏல மையம் இருக்கிறது, கீழே போடியிலும் இருக்கிறது. அப்பா வனத்துறையில் வாட்சராக இருக்கும் ஒரு மாணவன், "தந்தம் கொண்டு போனா கேஸ் சார், ஜாமீன்கூடக் கிடைக்காது" என்றான். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் எந்தப் பாடத்தில் வருகிறதோ, அந்தப் பாடம் அன்றைக்கு அங்கேயே நடந்துவிட்டது. கூவையில்தான் பிள்ளைகள் தடுக்கி நின்றார்கள். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மலையாள ஆசிரியை உள்ளே வந்து, "கூவதான். எங்க வீட்டில் திருவாதிரைக்கு அதில்தான் பாயசம்" என்றார். தமிழ்ப் பிள்ளைகளுக்குப் புரியாத பழந்தமிழ்ச் சொல் மலையாள அடுப்படியில் உயிரோடு இருந்தது. இரண்டு மொழிகளும் எவ்வளவு காலம் ஒன்றாக இருந்தன என்பதை அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்து நேர்மாறான கேள்வி: "இதுல எது இந்த மலையில இருந்திருக்கவே முடியாது?" வரையாடு இருந்திருக்கும், இன்றும் இரவிகுளத்தில் கூட்டமாகத் திரிகிறது. கத்தூரி மான் இமயமலை விலங்கு. கவரியும் வடக்கே பனி நாட்டிலிருந்து வருவது. மேற்குத் தொடர்ச்சி மலையில் சிங்கம் இருந்ததாகச் செய்தியே இல்லை. ஆக, இந்தப் பட்டியலில் பாதி இந்த மலையைப் பார்த்து எழுதியது, மீதி மலைவளம் பாடினால் இதெல்லாம் சொல்ல வேண்டும் என்ற மரபிலிருந்து வந்தது. எது கண்டது, எது கேட்டது, எது மரபு என்று பிரித்துப் பார்க்கப் பழகிய பிள்ளை அதே கண்ணோடு ஒரு மெய்க்கீர்த்தியையும் படிக்கும், தேர்தல் துண்டறிக்கையையும் படிக்கும்.

ஆனால் அந்த வகுப்பில் எனக்கே பாடமானது ஓர் உவமை. குன்றவர் பொருள்களோடு வந்து நின்ற கோலத்தைச் சொல்லும்போது, வஞ்சி முற்றத்தில் மன்னனைக் காணும் வேளை வாய்க்காமல் திறை சுமந்து காத்து நிற்கும் பகைவரைப் போல நின்றார்கள் என்கிறார் இளங்கோ. பலமுறை படித்திருக்கிறேன், அழகான உவமை என்று கடந்து போயிருக்கிறேன். ஏலத்தோட்டத்துக்குத் தினமும் ஜீப்பில் போகும் ஒரு தாயின் மகள் கேட்டாள்: "சும்மா கொடுத்தாங்களா சார், இல்ல கூலி கொடுத்தாங்களா?" உவமையின் பரல் அப்போதுதான் தெறித்தது. அன்பளிப்பு என்று சொல்ல வந்த இடத்தில் கவிஞரின் மனம் திறையை நினைத்திருக்கிறது. மலையிலிருந்து சமவெளி அரசுக்குப் பொருள் எப்படி இறங்கியது, அது காணிக்கையா வரியா வணிகமா என்பது சங்ககால அரசு உருவாக்கம் பற்றி ஆய்வாளர்கள் இன்றும் கேட்கும் கேள்வி. அதை ஒரு பதினான்கு வயதுப் பெண், தன் வீட்டுச் சம்பளக் கணக்கிலிருந்து எழுந்து கேட்டுவிட்டாள்.

நாடெங்கும் படிக்கப்பட்ட பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றுப் பாடநூல் ஒன்றிலும் இதே பகுதி சான்றாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. மக்கள் ஏன் இவற்றைக் கொண்டுவந்தார்கள், தலைவன் இவற்றை என்ன செய்திருப்பான் என்று கீழே நல்ல கேள்விகளும் கேட்டிருக்கிறார்கள். ஆனால் தலைப்பில் செங்குட்டுவன் பாண்டியன் என்று அச்சாகியிருந்தது. சேரனைப் பாண்டியனாக்கும் பிழை டெல்லியில் கண்ணுக்குப் படாமல் போகலாம், குமுளியில் போகாது. என் மாணவர்களுக்கு அதைக் காட்டினேன். அச்சில் இருப்பதையும் உடைத்துப் பார்க்கலாம் என்று அவர்கள் கற்றுக்கொண்டது அந்தப் பிழையால் கிடைத்த நன்மை.

அந்தக் காணிக்கைகள் எங்கே போயிருக்கும்? குமுளிப் பிள்ளைகள் தேக்கடியில் படகு ஏறும் அதே பெரியாறு மேற்கே இறங்கிக் கடலில் சேரும் பகுதியில்தான் முசிறி இருந்தது. யவனர் மரக்கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூற்றில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடியிருக்கிறார். வியன்னாவில் இருக்கும் இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஏடு ஒன்றில் முசிறி வணிகத்துக்கான கடன் ஒப்பந்தம் ஒரு பக்கம், ஹெர்மபொல்லோன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு மறுபக்கம். அந்தச் சரக்கில் தந்தமும் உண்டு. 2007 முதல் பட்டணம் என்ற ஊரில் நடந்த அகழாய்வில் ரோமானிய மதுச்சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. பாட்டு, ஏடு, மண் மூன்றும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே திசையைக் காட்டுகின்றன. பாட்டு தனியாக நின்றால் அழகு, துணையோடு நின்றால் ஆதாரம்.

துணை கிடைக்காத இடத்தையும் ஒளிக்காமல் சொல்லிக்கொடுக்க வேண்டும். செங்குட்டுவன் இமயம் சென்று கல் எடுத்து, கனக விசயர் தலையில் சுமத்திக் கங்கையில் நீராட்டி, வஞ்சியில் பத்தினிக்குக் கோயில் எடுத்தான் என்கிறது காப்பியம். செங்குட்டுவனை நேரில் பாடியவர் பரணர். பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்து அவருடையது. அதன் பத்துப் பாடல்களிலும் கண்ணகியும் இல்லை, இமயக் கல்லும் இல்லை. பின்னால் சேர்க்கப்பட்ட பதிகத்தில்தான் அந்தச் செய்தி வருகிறது. அவ்வளவு பெரிய வெற்றியை அரசவைப் புலவர் விட்டிருப்பாரா? அல்லது அவர் பாடி முடித்த பிறகு நடந்ததா? விடையை நான் சொல்வதில்லை. பதிகத்தையும் பாட்டையும் இரண்டு தாளில் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்ப்பேன்.

கயவாகு விஷயமும் அப்படித்தான். பத்தினி விழாவுக்கு வந்தவர்களில் இலங்கைக் கயவாகுவும் இருந்தான் என்ற ஒரே செய்தியை முதல் கஜபாகுவோடு இணைத்துச் சங்க காலத்துக்கே ஆண்டுக் கணக்குப் போட்டார்கள். 1904-இல் வெளிவந்த கனகசபைப் பிள்ளையின் நூல் முதல் பல வரலாறுகளுக்கு அதுதான் அடித்தூண். இலங்கை மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர இந்த இணைப்பு தொன்மத்தை வரலாறாக எடுத்துக்கொண்டது என்று வாதிட்டார். மகாவம்சம் கஜபாகுவைப் பேசும் இடத்தில் பத்தினியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. காப்பியத்தின் காலத்தையே இரண்டாம் நூற்றாண்டு முதல் எட்டாம் நூற்றாண்டு வரை அறிஞர்கள் ஆளுக்கொரு இடத்தில் வைக்கிறார்கள். வஞ்சி கரூரா, கொடுங்கல்லூர்ப் பக்கமா என்று அடுத்தடுத்த தலைமுறைகள் சண்டை போட்டிருக்கின்றன. இதெல்லாம் பிள்ளைகளைக் குழப்பாதா என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். குழப்பும். ஆனால் தன் ஊர் மலையைப் பற்றிய கேள்வி இன்னும் முடியவில்லை, அறிஞர்களே தகராறு செய்கிறார்கள் என்று தெரிந்த பிள்ளையின் முகத்தில் வரும் களை, முடிந்த விடையை மனப்பாடம் செய்யும் பிள்ளையின் முகத்தில் வருவதில்லை.

கண்ணகி ஒரே பாட்டில் இல்லை என்பதும் அதே அளவு முக்கியம். குமுளி மன்னாக்குடியில் வாழும் மன்னான் பழங்குடியினர் தாங்கள் மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறியவர்கள் என்று சொல்வார்கள். அவர்களுடைய மன்னான்கூத்து பாடுவது கோவலன் கண்ணகி கதையை. திருவனந்தபுரம் ஆற்றுக்காலில் பொங்காலைக் காலத்துத் தோற்றம் பாட்டிலும் அதே கதை மலையாளத்தில் வருகிறது. மட்டக்களப்பில் வைகாசிச் சடங்கில் கண்ணகி வழக்குரை படிக்கிறார்கள், சிங்கள ஊர்களில் அவளே பத்தினி தெய்யோ. வகுப்பில் மன்னாக்குடிப் பிள்ளைகள் இருந்தால், இளங்கோவைத் திறப்பதற்கு முன் அவர்கள் வீட்டுக் கதையைக் கேட்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். ஏட்டில் ஏறிய பாட்டு மூலம், வாயில் நிற்கும் பாட்டு அதன் சிதைவு என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. எது எதிலிருந்து வந்தது என்பது அவ்வளவு எளிதில் தீர்கிற காரியமில்லை. இருபது ஆண்டு சிலப்பதிகாரம் சொல்லிக்கொடுத்த பிறகே இது எனக்கு உறைத்தது. அதற்கு முன் என் வகுப்பில் உட்கார்ந்து ஒன்றும் சொல்லாமல் போன பழங்குடிப் பிள்ளைகளை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

பாட்டுக்குக் கல்லே துணை நிற்கும் அரிய இடமும் இந்தப் பள்ளத்தாக்கில் கிடைத்திருக்கிறது. 2006-இல் தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தில் புலிமான்கோம்பை என்ற ஊரில், கா. ராஜன் குழுவினர் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். நாட்டில் கிடைத்த எழுத்துள்ள நடுகற்களில் மிகப் பழையவை இவை என்று கருதப்படுகின்றன. அவற்றில் ஒன்று கூடலூர் ஆகோளில் இறந்த தீயன் அந்தவனுக்கு நட்ட கல். ஆகோள் என்றால் ஆநிரை கவர்தல். வெட்சி, கரந்தை என்று தொல்காப்பியம் பேசுவதும், நடுகல்லைப் பற்றிப் புறநானூற்றுப் புலவர்கள் பாடியதும் இதைத்தான். அந்தக் கூடலூர் நம் கம்பம் பள்ளத்தாக்குக் கூடலூராகவே இருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. குமுளியிலிருந்து மலை இறங்கினால் முதலில் வரும் ஊர் அது, எங்கள் பிள்ளைகளின் சொந்தக்காரர்கள் இருக்கும் ஊர்.

கல்லின் படத்தைத் தாளில் அச்செடுத்துக் கொடுத்து எழுத்துக் கூட்டச் சொன்னேன். 'கூடல்' என்ற இடம் வந்ததும் ஒரு பெண் விரலை எடுக்காமல் அப்படியே இருந்தாள். பிறகு பாட்டையும் கல்லையும் அருகருகே வைத்தோம். பாட்டில் வீரனுக்குப் பெயர் இருப்பதில்லை, மயிற்பீலியும் கள்ளும் உண்டு, அழுபவர்கள் உண்டு. கல்லில் பெயர், ஊர், செயல் மூன்று மட்டும். எதில் வரலாறு அதிகம் என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். கல் யார் என்று சொல்கிறது, பாட்டு அவன் போன பிறகு ஊர் எப்படி இருந்தது என்று சொல்கிறது என்றான் ஒருவன். இதைவிடத் தெளிவாக நானே சொன்னதில்லை.

பழங்காலத்தோடு நிறுத்திக்கொண்டால் வேலை சுலபம், பிள்ளைகளின் சொந்த வரலாறு வெளியே நின்றுவிடும். குமுளியில் பேசவே தயங்கும் பாடம் முல்லைப் பெரியாறு அணை. கீழே கம்பம், தேனி, மதுரை வயல்களுக்கு அது தண்ணீர். வண்டிப்பெரியாறு பக்கம் ஆற்றோரம் இருப்பவர்களுக்கு மழைக்காலத்தில் அது பயம். ஒரே பெஞ்சில் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள். 1876 முதல் 1878 வரையான தாது வருடப் பஞ்சத்துக்குப் பிறகுதான் நெடுங்காலம் கிடப்பில் இருந்த அணைத் திட்டம் வேகம் பிடித்தது. அந்தப் பஞ்சத்தைப் பாடிய கும்மிகள் இருக்கின்றன. சிவகங்கை வில்லியப்ப பிள்ளை பஞ்சலட்சணத் திருமுக விலாசத்தில் பஞ்சத்தை அங்கதமாகப் பாடினார். மதுரைச் சொக்கநாதரே தன்னால் ஆகாது என்று ஜமீன்தாருக்குக் கடிதம் கொடுத்தனுப்பும் கதை அது. பட்டினி கிடந்தவர்கள் சாமியிடம் கோபித்துக்கொண்ட விதம் எந்தப் பஞ்ச அறிக்கையிலும் இருக்காது. அறிக்கையில் தானிய விலை இருக்கும். இரண்டும் வேண்டும்.

அந்தப் பாட்டுகளுக்கு எதிரே அணைக்கான 1886 அக்டோபர் 29-ஆம் தேதி குத்தகை ஒப்பந்தத்தை வைப்பேன். 999 ஆண்டு, 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய், ஆண்டுக்கு 40,000 ரூபாய். இந்த எண்களையும் ஒப்பந்தச் சொற்களையும் மட்டும் வைத்து, ஒரு சொல்கூடச் சொந்தமாகச் சேர்க்காமல், வரி பிரித்து அடுக்கச் சொல்வேன். சட்ட மொழி வரிகளாக உடைந்து நிற்கும்போது 999 என்ற எண்ணின் கனம் தெரிகிறது. "யார் யார்கிட்டக் கேட்டுக் கையெழுத்துப் போட்டாங்க?" என்ற கேள்வி தானாக வருகிறது. திருவிதாங்கூர் அரசும் பிரிட்டிஷ் அரசும் கையெழுத்திட்ட இடத்தில், நீரில் மூழ்கவிருந்த காட்டில் வாழ்ந்தவர்களின் பெயர் இல்லை, அணை கட்ட வந்து மலேரியாவில் செத்த கூலிகளின் பெயரும் இல்லை.

அந்த அணையைக் கட்டிய இன்ஜினியர் பென்னிகுயிக் பற்றிய பாட்டுகளும் கதைகளும் எங்கள் பக்கத்தில் ஏராளம். லோயர் கேம்ப்பில் 2013-இல் திறந்த மணிமண்டபம் இருக்கிறது, ஜனவரி 15 அவர் பிறந்த நாளில் பொங்கல் வைக்கிறார்கள், பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள். சொந்தச் சொத்தை விற்று அணையைக் கட்டி முடித்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதற்கு ஆவணம் எங்கே என்ற கேள்வியும் எழுப்பப்பட்டிருக்கிறது. அந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தவன் நான், எனக்கும் அந்தக் கதை பிடிக்கும். ஆனாலும் வகுப்பில் பரலைப் பார்க்கத்தான் வேண்டும். சான்று கிடைக்காவிட்டால் அந்தக் கதை பொய் என்று தூக்கி எறிவதற்கில்லை. ஒரு வெள்ளைக்கார இன்ஜினியரைக் குலசாமிக்குப் பக்கத்தில் வைக்கும் அளவுக்கு ஒரு பள்ளத்தாக்கு தண்ணீருக்கு ஏங்கியிருந்தது என்பதற்கு அந்தக் கதையே சான்று.

இந்த முறைக்கு எதிரான வாதங்களில் வலுவானது பிரிட்டனிலிருந்து வருகிறது. முதல் உலகப் போரை அங்கே தலைமுறை தலைமுறையாக வில்ஃப்ரெட் ஓவன், சிக்ஃப்ரீட் சசூன் கவிதைகள் வழியாகப் பள்ளிகளில் கற்றார்கள். போர் என்றால் சேறு, நச்சுவாயு, முட்டாள் தளபதிகள் என்ற ஒரே சித்திரம் பதிந்துவிட்டது, ஒருசில அதிகாரிகளின் கவிதை ஒரு முழுப் போரையும் மறைத்துவிட்டது என்று பிரையன் பாண்ட் போன்ற வரலாற்றாசிரியர்கள் குறைப்பட்டார்கள். அதே போரில் கடல் கடந்து போன பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர்களுக்கு அந்தக் கவிதைகளில் இடம் இல்லை. இது நியாயமான எச்சரிக்கை. நல்ல கவிதை அதன் நல்ல தன்மையாலேயே ஆபத்தானது, அதற்கு எதிரில் நிற்கும் வறண்ட ஆவணத்தை அமுக்கிவிடும். நமக்கும் இந்த அனுபவம் உண்டு. நா. வானமாமலை பதிப்பித்த கட்டபொம்மு கதைப்பாடல் ஒரு கட்டபொம்மனைக் காட்டுகிறது, 1959-இல் வந்த திரைப்படம் இன்னொருவரை. பிள்ளைகள் வரலாறு என்று ஒப்பிப்பது பெரும்பாலும் திரைப்பட வசனத்தை. கலிங்கத்துப்பரணியை மட்டும் படித்தால் கருணாகரத் தொண்டைமானின் வீரம்தான் நினைவில் நிற்கும், கலிங்கத்துக்காரன் என்ன பாடினான் என்று கேட்கத் தோன்றாது. மருந்து ஒன்றுதான்: எந்தக் கவிதையையும் வகுப்புக்குத் தனியாக அனுப்பக் கூடாது.

"நீ ஒரு போர்வீரன், உன் உணர்வைக் கவிதையாக எழுது" என்று வீட்டுப்பாடம் கொடுக்கும் வழக்கமும் இப்போது பரவியிருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. எதுவும் தெரியாமலே எழுதிவிட முடியும் என்பதுதான் அதன் கோளாறு. ரத்தம், கண்ணீர், தாய்மண் என்று மூன்று சொல் போதும், மதிப்பெண் விழுந்துவிடும். குன்றவர் பட்டியலுக்குப் பதில் இன்று மலையிலிருந்து இறங்கும் பொருள்களை விலையோடு எழுதி வா என்றால் அப்பாவிடம் கேட்க வேண்டும், கடைக்குப் போக வேண்டும், ஏலக்காயின் தரம் எப்படிப் பிரிக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். அங்கே உணர்வு தானாக வரும்.

இதெல்லாம் ஏன் பரவலாக நடக்கவில்லை என்பதற்குக் காரணங்கள் சிறியவை, பிடிவாதமானவை. ஆண்டு முடிவதற்குள் பாடப்பகுதியை முடித்தாக வேண்டும். தமிழாசிரியர் சிலப்பதிகாரத்தில் அணியும் இலக்கணமும் பார்த்துவிட்டு விடுகிறார், சமூக அறிவியல் ஆசிரியர் சேரர் என்று ஒரு பத்தியில் கடந்து போகிறார். இருவரும் ஒரே ஓய்வறையில் டீ குடிக்கிறார்கள், பாடத்தைச் சேர்த்து எடுப்பதில்லை. கேரளத்துத் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு இன்னொரு சுமையும் உண்டு. அவர்களுடைய சமூக அறிவியல் புத்தகம் மொழிபெயர்ப்பு. தங்கள் மொழியிலேயே மூலம் இருக்கும் ஒரு பாட்டின் சாரத்தை, வேறு மொழியில் எழுதித் திரும்பத் தமிழுக்குக் கொண்டுவந்த வாக்கியத்தில் படிக்கிறார்கள். 1956-இல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றபோது எல்லையைப் பற்றி அவ்வளவு பேசினார்கள். அந்தப் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. பாலக்காட்டுத் தமிழ்ப் பள்ளிகளிலும் இதே கதைதான். பெரிய திட்டம் வேண்டியதில்லை, இரண்டு ஆசிரியர்கள் மாதத்துக்கு இரண்டு வகுப்பைச் சேர்த்து எடுத்தால் தொடங்கிவிடலாம். ஒரு பாட்டு, அதற்கு எதிரே ஒரு கல்லோ காகிதமோ, சத்தமாக ஒருமுறை வாசிப்பு, பிறகு கேள்வி. பொழிப்புரையைக் கடைசிவரை தள்ளிப்போட வேண்டும். முதலிலேயே பொருள் சொல்லிவிட்டால் பிள்ளைகள் எழுதிக்கொண்டு மூடிவிடுவார்கள்.

தோட்டப் பாட்டுகளைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. இலங்கையில் சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்து வைத்ததால், கங்காணி, துண்டு, லயம், கொழுந்துக் கூடை எல்லாம் தொழிலாளர் வாய்ச்சொல்லாகவே நமக்குக் கிடைத்தன. பீர்மேட்டுத் தோட்டங்களுக்கு மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகளோடு மலையேறியவர்களிடமும் பாட்டு இருந்தது. பாடியவர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள், தொகுப்பவர்கள் போதவில்லை. அதனால் எங்கள் வகுப்பில் ஒரு வேலை கொடுத்தேன்: வீட்டில் வயதானவர்கள் மலையேறியதைப் பற்றி ஏதாவது பாட்டுத் தெரிந்தால் கேட்டு எழுதி வா, எந்த வருடம் என்றும் கேள்.

ஒரு பெண் அரைப் பாட்டு கொண்டு வந்தாள். அவளுடைய பாட்டிக்கு மாமியார் பாடியது, பாட்டிக்கு அதில் பாதிதான் நினைவு. வருடம் கேட்டதற்குப் பாட்டி, "வெள்ளத்துக்கு மறு வருசம்னு எங்க அத்தை சொல்லுவாங்க" என்றாராம். எந்த வெள்ளம்? பாட்டிக்குத் தெரியவில்லை. பக்கத்து வகுப்பு மலையாள ஆசிரியையைக் கூப்பிட்டோம். மலையில் வயதானவர்கள் வெறுமனே வெள்ளம் என்று சொன்னால் அது தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளமாகத்தான் இருக்கும் என்றார், கொல்லம் 1099. பலகையில் 1099 எழுதி, கீழே 825 எழுதிக் கூட்டினோம். 1924. மூணாற்றில் ரயில் பாதையையே கொண்டுபோன வெள்ளம் அது. "அப்ப மறு வருசம் 1925 சார்" என்றாள் அவள். வேறு வெள்ளமாக இருந்தால்? என்றேன். கொஞ்சம் யோசித்தாள். நோட்டில் அரைப் பாட்டுக்கு மேலே 1925 என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். அன்று சாயங்காலம் பாட்டியிடம் இன்னொரு முறை கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.